“இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம்”: வீட்டுக் கணினியும் இற்றைப்படுத்தலும்

இரவு பத்து மணி. நாளை காலை ஒப்படையைக் கையளிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கணினித் திரையின் மூலையில் ஓர் அறிவித்தல் தலைகாட்டுகிறது: இற்றைப்படுத்தல்கள் தயாராக உள்ளன, கணினியை மீண்டும் தொடக்க வேண்டும். மகளாக இருந்தாலும் வாப்பாவாக இருந்தாலும் அந்த வேளையில் செய்வது ஒன்றுதான். “பிறகு” என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதில் பிழையில்லை. பிழை எங்கே வருகிறதென்றால், அந்தப் “பிறகு” நாளையாகி, அடுத்த கிழமையாகி, பெருநாள் கழித்து என்றாகி, கடைசியில் யாராவது ஒருவர் கடைக்காரரிடம் சொல்லி அந்த அறிவித்தலையே வராமல் நிறுத்திவிடும்போதுதான்.

வீட்டில் கணினி என்பது இன்று படிப்புக்கான சாதனம் மட்டுமல்ல. நானாவின் வேலை விண்ணப்பம், உம்மாவின் தையல் கணக்கு, வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோடு பேசும் வீடியோ அழைப்பு, வங்கிக் கணக்கு, குடும்பத்தின் பத்து வருடப் புகைப்படங்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இவ்வளவையும் உள்ளே வைத்திருக்கும் பெட்டியின் கதவு பூட்டியிருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமை என்று படிக்கிறோமே, அதுதான் கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் நடத்துகிறது. எமது வீடுகளில் பெரும்பாலும் அது விண்டோஸ். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல் அது. மனிதர்கள் எழுதியது என்பதால் அதில் பிழைகள் இருக்கும். பல பிழைகள் தொந்தரவு மட்டுமே தரும்: எழுத்து சரியாகத் தெரியாது, அச்சுப்பொறி வேலை செய்யாது. ஆனால் சில பிழைகள் ஆபத்தானவை. அவற்றின் வழியே வெளியிலிருந்து ஒருவர் நமது அனுமதியின்றி உள்ளே வரலாம். அப்படிப்பட்ட ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அதை அடைப்பதற்கு நிறுவனம் அனுப்பும் ஒட்டுத்துண்டுதான் பாதுகாப்பு இற்றைப்படுத்தல். நாம் அப்டேட் என்று பேச்சில் சொல்வதில் புதிய வசதிகளும் வரும், இந்த ஒட்டுத்துண்டுகளும் வரும். முதலாவது இல்லாவிட்டாலும் வாழலாம். இரண்டாவது அப்படியல்ல.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. ஓர் ஒட்டுத்துண்டு வெளியாகும் நாளில்தான் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் உலகத்துக்குத் தெரிய வருகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் எந்த இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்பதைத் திறமையுள்ள ஒருவர் கண்டுகொள்வார். ஆகவே இற்றைப்படுத்தாத கணினி முன்பு இருந்ததைப் போலவே இருக்கிறது என்று எண்ணக்கூடாது. ஒட்டுத்துண்டு வந்த பிறகு அதைப் போடாத கணினி, முன்பைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு இதை உலகமே கண்டது. அவ்வருடம் மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸில் கோப்புகளை வலையமைப்பில் பகிரும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு ஒட்டுத்துண்டு வெளியிட்டது. ஏப்ரல் மாதத்தில் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி, ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தினரால் இணையத்தில் பகிரங்கமாகப் போடப்பட்டது. மே 12ஆம் திகதி ‘வன்னாக்ரை’ என்ற தீங்குநிரல் பரவத் தொடங்கியது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அது தானாகவே தாவியது. உள்ளே வந்ததும் கோப்புகள் அனைத்தையும் மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டு, திறந்து தருவதற்கு 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் இரத்துச் செய்யப்பட்டன. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளம் ஆய்வாளர், அந்தத் தீங்குநிரல் ஓர் இணைய முகவரியைத் தேடிப் பார்ப்பதையும் அந்த முகவரி யாராலும் பதிவு செய்யப்படாமல் இருப்பதையும் கவனித்தார். ஏறத்தாழ பத்து டொலர் செலவில் அதைப் பதிவு செய்தார். பரவல் நின்றது.

மார்ச் 14 முதல் மே 12 வரை 59 நாட்கள். பூட்டு இலவசமாகக் கையில் கொடுக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாதிக்கப்பட்டவை எல்லாம் மிகப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் என்று அப்போது பேசப்பட்டது. உண்மையில் பெரும்பாலானவை, அன்று மைக்ரோசொப்டின் ஆதரவு இருந்துகொண்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள். இற்றைப்படுத்தல் அவற்றுக்குக் கிடைத்தது, போடப்படவில்லை, அவ்வளவுதான்.

தூரத்துக் கதை என்று தோன்றினால் எமது நாட்டுக்கு வருவோம். 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் லங்கா கவர்ன்மென்ட் க்ளவுட் என்ற அரச மேகக் கணினிச் சேவை இதே வகையான கப்பத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட அரசாங்கத்தின் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருள். அதற்கான ஆதரவை அந்நிறுவனம் அவ்வருடம் ஏப்ரல் மாதத்திலேயே நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதிப் பற்றாக்குறை உட்படப் பல காரணங்களால் தள்ளிப்போனதாகப் பொறுப்பானவர்கள் கூறினர். சேவையைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்பு நகல் இல்லாததால் அவை போனது போனதுதான். அந்த மூன்று மாதங்களில் எழுதப்பட்ட கடிதங்களை எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியவில்லை.

இந்தச் சம்பவத்தில் இரண்டு குறைகள் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று காலாவதியான மென்பொருள், மற்றது காப்பு நகல் இல்லாமை. வீட்டிலும் இவை இரண்டும் சேரும்போதுதான் நட்டம் ஏற்படுகிறது.

இனி வீட்டு வேலைக்கு வருவோம். மைக்ரோசொப்ட் தனது மாதாந்தப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 2003 ஒக்டோபர் முதல் இந்த வழக்கம் தொடர்கிறது. அமெரிக்காவில் அது காலை நேரம், எமக்கு இரவு பத்தரை மணிக்குப் பிறகு. ஆகவே மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்து வரும் வார இறுதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை பின்னேரமோ சனிக்கிழமையோ, யாருக்கும் அவசர வேலை இல்லாத ஒரு நேரத்தில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘விண்டோஸ் அப்டேட்’ என்பதைத் திறந்து, ‘செக் ஃபோர் அப்டேட்ஸ்’ பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகலாம். மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொண்டால், ஒப்படை இரவுகளில் அந்த அறிவித்தல் வந்து நிற்பது பெரும்பாலும் குறைந்துவிடும்.

நடுவழியில் கணினி தானாக மூடித் திறப்பதைத் தடுப்பதற்கு ‘எக்டிவ் அவர்ஸ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் மணித்தியாலங்களை அதில் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக மறுதொடக்கம் செய்யாது. பரீட்சைக் காலத்தில் ‘போஸ் அப்டேட்ஸ்’ மூலம் ஐந்து கிழமை வரை நிறுத்தியும் வைக்கலாம். அது தவணை முடிந்ததும் தானாகவே மீண்டும் தொடங்கும். கடைக்காரர் செய்து தரும் நிரந்தர நிறுத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மறுதொடக்கம் பற்றி ஒரு சிறு தெளிவு. ‘ஷட் டவுன்’ செய்தால் கணினி முழுமையாக மூடுகிறது என்றே நாம் நினைக்கிறோம். பல கணினிகளில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்குவதால், அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காகப் பணிசெயல் முறைமையின் ஒரு பகுதி அப்படியே சேமித்து வைக்கப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒவ்வோர் இரவும் மூடி வைக்கும் கணினி ஒரு மாதமாக மறுதொடக்கத்தைக் காணாமலே இருக்கக்கூடும். இற்றைப்படுத்திய பிறகு ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ என்பதையே தெரிவு செய்யுங்கள்.

எமது வீடுகளில் இற்றைப்படுத்தலை நிறுத்தி வைப்பதற்கு முக்கிய காரணம் பயமல்ல, டேட்டா. மாதக் கடைசியில் மிச்சமிருப்பதையும் அப்டேட் தின்றுவிடும் என்ற கவலை நியாயமானது. அதற்கும் வழி உண்டு. கையடக்கத் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைக்கும்போது அந்த இணைப்பை ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்று குறித்துவிடுங்கள். பெரிய பதிவிறக்கங்களை விண்டோஸ் தள்ளிவைக்கும். பிறகு வீட்டு ரௌட்டரில் இணைந்திருக்கும்போது, சில பெக்கேஜ்களில் இரவுக்கென்று தனி டேட்டா தருகிறார்களே, அந்த நேரத்தில் பதிவிறக்கலாம். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்ற பகுதியில் உள்ளூர் வலையமைப்பிலுள்ள கணினிகளிலிருந்து பெற அனுமதியுங்கள். ஒன்று பதிவிறக்கியதை மற்றது அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். இணையத்திலுள்ள கணினிகளோடும் பகிர் என்ற தெரிவை மட்டும் விட்டுவிடுங்கள். அது உங்கள் டேட்டாவை வெளியாருக்குக் கொடுக்கும்.

நிறுவும்போது மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். மடிக்கணினி என்றால் மின்கலம் இருக்கிறது, ஆனாலும் மின்னேற்றியைச் செருகியே வையுங்கள். மேசைக் கணினி என்றால் இடி மின்னல் வேளையிலும் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நேரத்திலும் தொடங்க வேண்டாம். இடையில் நின்றுபோனாலும் பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். திரையில் நூற்றுவீதம் நகராமல் நிற்கிறதே என்று பொறுமையிழந்து மின்பொத்தானை அழுத்துவதே அதைவிடக் கூடிய சேதத்தை உண்டாக்குகிறது.

இற்றைப்படுத்தலே கெடுதல் செய்ததில்லையா? செய்திருக்கிறது. 2018 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 10இன் பெரிய பதிப்பு மாற்றம் ஒன்று, சிலரது கோப்புறைகளிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டதால் மைக்ரோசொப்ட் அதன் விநியோகத்தை உடனே நிறுத்த நேர்ந்தது. 2024 ஜூலை 19ஆம் திகதி க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தல் ஒன்று சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது, விமான நிலையங்கள்கூட ஸ்தம்பித்தன. அது நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள், வீட்டுக் கணினிகளில் இருப்பதில்லை. இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. எனினும் என் கணிப்பில் இவற்றிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு இற்றைப்படுத்தலைக் கைவிடுவதல்ல. மாதாந்தப் பாதுகாப்பு ஒட்டுத்துண்டை அந்த வாரத்திலேயே போடுங்கள். வருடத்துக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை இரண்டு மூன்று கிழமை பொறுத்து, மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டுக்கும் முன்னர் காப்பு நகல் இருக்கட்டும்.

காப்பு நகல் என்றதும் பலரும் டி ட்ரைவில் இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன் என்பார்கள். அது அதே வன்தட்டின் இன்னொரு அறை, வீடு எரிந்தால் அறையும் எரியும். கப்பத் தீங்குநிரல் கணினியோடு இணைந்திருக்கும் எல்லாவற்றையும் பூட்டும், செருகியபடியே விட்ட பென் ட்ரைவையும் சேர்த்து. ஆகவே வெளி வன்தட்டு ஒன்றில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்துவிட்டு, அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட வேண்டும். முக்கியமான சில கோப்புகளை, உதாரணமாக உயர்தரச் செயற்றிட்டத்தை, கூகுள் ட்ரைவ் போன்ற இடத்திலும் வையுங்கள். பிரதி எடுத்தால் மட்டும் போதாது, எப்போதாவது அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, செலவில்லை, வீட்டுப் பாவனைக்கு அது போதுமானது. இரண்டு மூன்றை ஒன்றாக நிறுவினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கணினியைத்தான் மெதுவாக்கும். இணையத்தில் உலாவும்போது உங்கள் கணினியில் இத்தனை வைரஸ்கள் உள்ளன, இதை அழுத்துங்கள் என்று பாய்ந்து வரும் திரைகள் விளம்பரப் பொய்கள். அவற்றை மூடிவிடுங்கள், அதில் தரப்பட்ட இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம்.

அதைவிடப் பயனுள்ள, ஆனால் எவரும் செய்யாத ஒரு காரியம் இருக்கிறது. கணினியில் நாம் நாளாந்தம் பயன்படுத்தும் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருக்கக்கூடாது. பெற்றோர் ஒருவரிடம் நிர்வாகிக் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும், அந்தப் பெற்றோருக்கே நாளாந்தப் பாவனைக்கும் ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ கணக்குகளை உருவாக்குங்கள். அப்போது ஏதாவது ஒன்று தன்னை நிறுவிக்கொள்ள முயன்றால் கடவுச்சொல் கேட்டு நிற்கும். தம்பி விளையாட்டு என்று நினைத்துப் பதிவிறக்கியது உண்மையில் விளையாட்டுத்தானா என்று யோசிக்க ஒரு நிமிடம் கிடைக்கும்.

தம்பியின் விளையாட்டிலிருந்து உடைத்த மென்பொருள்களுக்கு வருவது இயல்பு. விலை கொடுத்து வாங்காமல் ‘க்ரெக்’ செய்த விண்டோஸும் ஒபிஸும் எமது நாட்டில் எவ்வளவு சாதாரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறர் உழைப்பை உரிமையின்றி எடுப்பது பற்றிய கேள்வியை வாசகர்களே எடைபோட்டுக்கொள்ளலாம். தொழில்நுட்ப ரீதியாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த உடைக்கும் கருவியை இயக்குவதற்கு முன் டிஃபெண்டரை நிறுத்துங்கள் என்றுதான் அதன் அறிவுறுத்தல் தொடங்கும். யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு, காவலாளியையும் அனுப்பிவிட்டு, நிர்வாகியின் அதிகாரத்தோடு வீட்டைத் திறந்து கொடுக்கிறோம். அதன் பிறகு இற்றைப்படுத்தல் வந்தால் க்ரெக் போய்விடும் என்று அதையும் நிறுத்துகிறோம். எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போது பல வீடுகளைத் தொடும் கேள்வி: விண்டோஸ் 10. 2015 ஜூலையில் வெளியான அதற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. கணினி தொடர்ந்து வேலை செய்யும், அதனால்தான் பலருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. ஆனால் புதிய ஓட்டைகளுக்கு ஒட்டுத்துண்டு வராது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரையான ஒரு நீடிப்புத் திட்டத்தை மைக்ரோசொப்ட் அறிவித்தது. மைக்ரோசொப்ட் கணக்கொன்றுடன் உள்நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் பணம் செலுத்தாமலே அதில் சேரலாம். அது தற்காலிக ஏற்பாடு.

விண்டோஸ் 11க்கு மாறுவதற்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தியது. ‘பிசி ஹெல்த் செக்’ என்ற மைக்ரோசொப்டின் சிறு மென்பொருள் உங்கள் கணினி தகுதியானதா என்று சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று வந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம். சில கணினிகளில் அது இருந்தும் பயோஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பாவித்த மடிக்கணினி வாங்கப் போகும் பெற்றோர், விலையைக் கேட்கும் முன் செயலியின் தலைமுறையைக் கேளுங்கள். இன்று மலிவாக விற்கப்படும் பல கணினிகள் இந்த எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவை.

தகுதியில்லாத பழைய கணினியை வீசிவிட வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவசப் பணிசெயல் முறைமைகள் அவற்றில் நன்றாக ஓடும், இற்றைப்படுத்தல்களும் ஒழுங்காக வரும். இணையம், ஸூம் வகுப்பு, எழுத்து வேலை இவற்றுக்கு அது தாராளம். தமிழ் யூனிகோட் பிரச்சினையின்றித் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கோப்புகள் இருந்தால் மட்டும் அந்த எழுத்துருவையும் நிறுவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துகள் குழம்பித் தெரியும்.

உலாவியையும் ரௌட்டரையும் மறந்துவிடக் கூடாது. குரோம் தன்னைத்தானே இற்றைப்படுத்திக்கொள்ளும், ஆனால் நாட்கணக்கில் மூடாமல் வைத்திருந்தால் புதிய பதிப்பு நடைமுறைக்கு வராது. ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியில் ஒட்டி வந்ததாகவே இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கடைசியாக, புதிய மடிக்கணினி வாங்கியவர்களுக்கு. அண்மைக்கால விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்நுழைந்ததும் வன்தட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. கணினி திருட்டுப்போனால் உள்ளேயிருக்கும் புகைப்படங்களை எவரும் பார்க்க முடியாது என்பதால் அது நல்லதே. ஆனால் பயோஸ் இற்றைப்படுத்தல் போன்ற ஒன்றுக்குப் பிறகு, ‘பிட்லொக்கர்’ என்ற நீலத் திரை வந்து 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பைக் கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கைக் கடையில் யாரோ ஒருவர் தன் மின்னஞ்சலில் உருவாக்கித் தந்திருந்தால், அல்லது அதன் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால், உள்ளே இருப்பவை உங்களுக்கே கிடைக்காது. ஆகவே கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்று பாருங்கள். அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருக்கும் கோவைக்குள் வைத்துவிடுங்கள்.